பெரியவனுக்கு ஏற்ற உயரம்

“இன்னும் நாலு அங்குலம் தூக்கு மேஸ்திரி. பத்தல.”

சாம்பசிவன் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். பெட்ரோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்களே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த எழுபத்து நாலாம் வருஷம் அது. மேற்குத் தாம்பரத்தில் இருந்த அவருடைய ஷெட்டுக்குப் புத்தம்புது ஜீப் ஒன்று வந்தது அதுவே முதல் தடவை. கொண்டுவந்து விட்டவர் மாடம்பாக்கம் ராஜகோபால். நன்செய் நிலத்தை மனைபோட்டு விற்ற பணத்தில் வாங்கியது.

“ஏற்கெனவே ரெண்டு ஸ்பிரிங் பட்டை சேத்துட்டேன் அண்ணா. இதுக்கு மேல தூக்குனா ஏணி வெச்சுத்தான் ஏறணும். மலைக்கா போறீங்க?”

“மலையாவது ஒண்ணாவது. மார்க்கெட்டுக்கு வந்து போவணும், அவ்ளோதான். வூட்ல ரெண்டு பேரு கீறானுங்க. அவனுங்க உயரத்துக்குச் சரியா வரணும்.”

“பசங்களா?”

“நான் கையால வளத்த பசங்க.” ராஜகோபாலின் குரல் இறங்கியது. “நிலத்த வித்த நாள்லேர்ந்து ரெண்டு பேரும் சரியா சாப்புடறதில்ல மேஸ்திரி. விடிஞ்சா எழுந்து வயல் இருந்த பக்கமே பாத்துகினு நிக்கறானுங்க. உழைச்ச உடம்பு, சும்மா இருந்தா படுத்துடும். என் சம்சாரம் ஜீப்பு ஜீப்புன்னு உயிர வாங்குனா. சரி, இவனுங்களுக்கும் ஒரு வேலை ஆச்சுன்னு வாங்கிட்டேன்.”

சாம்பசிவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரே மகள், சாமுண்டீஸ்வரி. இருபத்தேழு வயது. பதினோரு பேர் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வருகிற தைக்குள் அமையாவிட்டால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

“பெரியவரு எப்படி அண்ணா? பழக்கவழக்கமெல்லாம்…”

“பீடி வாசனையே ஆவாது அவனுக்கு. எதிர்த்து ஒரு வார்த்தை? பொறந்ததுலேர்ந்து கெடையாது. வெச்சதைத் திம்பான், சொன்னதைச் செய்வான்.”

இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா! சாம்பசிவன் பேச்சோடு பேச்சாகக் குலதெய்வத்தை விசாரித்தார். படப்பைப் பக்கம் பெண் கொடுக்கிற முறையில் தூரத்து உறவே வந்தது. அதற்குப் பிறகு அவர் அந்த ஜீப்பை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்.

“நாலு அங்குலம் இன்னா அண்ணா, ஆறே தூக்கறேன். டயரும் மாத்திடலாம். சேத்துல புடிப்பு கெடைக்கற மாதிரி பட்டன் டயர்.”

“போடு. முன்னாடி பம்பர்ல ஒரு கொக்கி வேணும். கெட்டியா.”

“வண்டி மாட்டிகினா இழுக்கவா?”

“இழுக்கத்தான்.”

“பெட்ரோல் டாங்க் பெருசா வெச்சிடலாமா?”

“அதுக்கு அவசியமே இல்ல.”

சிக்கனமான குடும்பம் என்று சாம்பசிவன் மனதில் குறித்துக்கொண்டார்.

“லாரிக்காரன் ஒருத்தன் பாட்டு ஹார்ன் விட்டுட்டுப் போயிருக்கான். பொருத்தட்டுமா?”

“ஐயையோ! சின்னவன் மிரண்டு ஓடிடுவான்.”

“பயந்த சுபாவம் போல. போவட்டும். லைசென்ஸ் எடுத்தாச்சா?”

“அவனுங்களுக்கா?” ராஜகோபால் சிரித்தார். “பெரியவன் கண்ண மூடிகினு தாம்பரம் வந்து போவான் மேஸ்திரி. வழியில நான் தூங்கிட்டாக்கூட பத்திரமா வூட்ல கொண்டாந்து சேத்துடுவான்.”

அப்பா தூங்கினால் வீடு கொண்டுவந்து சேர்க்கிற பிள்ளை! கூலியைப் பற்றி ராஜகோபால் பேச்செடுத்தபோது, “நமக்குள்ள இன்னா அண்ணா” என்று சாம்பசிவன் கையை ஆட்டினார்.

வீட்டில் சொன்னதும் அவர் மனைவி பொன்னியம்மாள், “சின்னவனா இருந்தாலும் பாதகமில்ல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பசிவனே ஜீப்பை மாடம்பாக்கத்துக்கு ஓட்டிப்போனார். பட்டுப்புடவை கட்டியிருந்த பொன்னியம்மாளை முக்காலி போட்டு ஏற்றவேண்டியிருந்தது. வழியெல்லாம் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் மடியில் ஒரு தாம்பாளம் இருந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அவற்றுக்கு நடுவில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய சாமுண்டீஸ்வரியின் ஜாதகம்.

ராஜகோபால் ஜீப்பைச் சுற்றிவந்தார். கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பம்பருக்கு நேராகக் கையை நீட்டி உயரம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“தெய்வம் மாதிரி வந்தே மேஸ்திரி. இனிமே அவனுங்க பொழைச்சுக்குவானுங்க.”

“அண்ணா, நாங்க வந்தது இன்னொரு விஷயமாவும்தான்.” சாம்பசிவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “பெரியவரை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா, மேல பேசலாம்.”

“அவனைப் பாக்காமயா போவீங்க? டேய் பெரியவனே, வாடா! யாரு வந்துகிறாங்க பாரு. தம்பியையும் இட்டுகினு வா!”

பொன்னியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தாம்பாளத்தை நீட்டியபடி நின்றாள்.

வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து கழுத்துமணி குலுங்க இரண்டு உழவு மாடுகள் வந்தன. சின்னது ஜீப்பின் கொக்கி முன்னால் போய், நுகத்தடிக்குக் கொடுப்பதுபோலக் கழுத்தைத் தாழ்த்தி நின்றது. பெரியது வெற்றிலையையும் வாழைப்பழத்தையும் முகர்ந்து ஒதுக்கிவிட்டு, ஜாதகத்தை எடுத்து நிதானமாக மெல்லத் தொடங்கியது.

“பாரு மேஸ்திரி,” என்றார் ராஜகோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நிலம் போனப்புறம் இன்னிக்குத்தான் ஆசையா வாய் வெக்கறான்.”