சிரிக்காத மாப்பிள்ளை

"ஒருத்தன் வழுக்கி வுழறான், இதுங்க பல்லக் காட்டுதுங்க. அறிவுகெட்ட ஜனம்!" என்று முணுமுணுத்தார் வேர்க்கடலை மண்டி சம்பவநாதன்.

செஞ்சி டூரிங் கொட்டகையில் பேச்சில்லாத பழைய வெள்ளைக்காரச் சிரிப்புப் படம். மகள் ராஜமதிக்கு வந்த இரண்டு வரன்களையும் எடைபோடத்தான் அவர் அழைத்து வந்திருந்தார்.

மகாவீரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, மாவுத் தொட்டியிலயே வுழுந்துட்டான் பாருங்க!"

'சீ, கோமாளிப் பயல்!' அவனை அப்போதே கழித்துக்கட்டினார்.

மேல்சித்தாமூர் தரணேந்திரனோ உதட்டைக்கூட அசைக்கவில்லை.

"உனக்கு சிரிப்பு வரலியா தம்பி?"

"சிரிக்கிறதுக்கு இன்னா இருக்குது மாமா?"

சம்பவநாதன் குளிர்ந்துபோனார். ஆவணியிலேயே கல்யாணம் வைத்தார்.

மணமேடையில் மாலையை வாங்கிய தரணேந்திரன், பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற மாமனார் கழுத்தில் அதைப் பயபக்தியோடு போட்டான். பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது.

மாப்பிள்ளையின் தாய் பதறி ஓடிவந்து, மடியிலிருந்த சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்து மகனுக்கு மாட்டினாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. கண்ணாடி போட்டவனுக்குப் பொண்ணு குடுக்கமாட்டீங்கன்னு, கொட்டகைக்கு அனுப்புன அன்னிக்கே நான்தான் கழட்டி வாங்கிவெச்சேன். இது இல்லன்னா எதிர்ல யானையே நின்னாலும் இவனுக்குத் தெரியாது!"