நாலு முழக் கணக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில் ஆடிக் கிருத்திகையோடு திருத்தணிக்குப் பெரியம்மையும் வந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஜெபரத்தினம் சுண்ணாம்பால் தரையில் தெருவை வரைந்து, ஆளுக்கொரு புளியங்கொட்டை வைத்துக் கணக்குப் போட்டார். ஒட்டி நின்றால் நாற்பது சாவு. நாலு முழம் தள்ளி நின்றால் நாலு.

"நாலு முழம் விட்டா கோயில் வரிசை ரேணிகுண்டா போயிடும் சார்," என்றான் பூக்கடை பங்காரு. ஊர் சிரித்தது.

மனைவி லோயிஸையாவது காப்பாற்ற, அரக்கோணத்துத் தாய்வீட்டுக்கு ரயிலேற்றினார். திருவிழாக் கூட்டம், மூச்சுவிட இடமில்லை. ரயிலுக்குக் கொட்டை வைக்க மறந்துவிட்டார். அடுத்த மாதம் அவளை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் மத்தியானம் வாசலுக்கு வெளியே லோயிஸ் நின்றாள்.

"உள்ள வாம்மா."

"நாலு முழம்னு நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க."

திருத்தணியில் அவர் பேச்சைக் கேட்ட ஒரே ஆள். அவர் ஓரடி முன்னால் வைத்தார். அவள் ஓரடி பின்னால் வைத்தாள்.