ஐம்பத்து நான்கு படிகள்

"மூணு மாடி, ஐம்பத்து நாலு படி. நடுவுல நிக்காம ஏறினாத்தான் உறுப்பினர்" என்றார் செயலாளர். படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்டாப்வாட்ச்.

தையல்காரம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"குண்டானவங்க உரிமைச் சங்கம்னுதானே போர்டு போட்டிருக்கு?"

"ஆமா. குண்டுதான், ஆனா குதிரை மாதிரி ஆரோக்கியம். அதை ஊருக்குக் காட்டத்தான் இந்தப் படி."

"நான் நூற்றுப் பன்னிரண்டு கிலோ சார். போதாதா?"

"எடை பிரமாதம். சர்க்கரை இருக்கா?"

"இருக்கு."

"மூட்டு வலி?"

"ரெண்டு முட்டியிலயும்."

செயலாளர் படிவத்தை மூடிவிட்டார்.

"நீங்க எங்க கூட வந்து நின்னா, 'பார்த்தியா, குண்டா இருந்தா வியாதி'ன்னு சிரிப்பாங்க. உடம்பு சரியானதும் வாங்க."

"சரியாகலைன்னா?"

"வீட்டுல குண்டா இருங்கம்மா. யார் வேணாம்னா?"

"நாற்காலி தாங்காதுன்னு கம்பெனியில நிறுத்திட்டாங்க சார். பதினாறு வருஷ வேலை. நாளைக்குள்ள சங்கத்துக் கடிதம் கொடுத்தா திரும்ப எடுத்துப்பாங்க."

"உறுப்பினருக்குத்தான் கடிதம்."

வேறு வழியில்லை. ஏறினாள். பதினேழாவது படியில் முட்டி மடங்க மறுத்தது. கைப்பிடியைப் பிடித்து நின்றாள்.

"நின்னாச்சு!" செயலாளர் ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.

"நீங்க ஒரு தடவை ஏறிக் காட்டுங்களேன்."

"நேரம் பார்க்கிறவன் ஏறக் கூடாது. விதி இருக்கு."

"அப்ப தலைவரை வரச் சொல்லுங்க."

"அவரையா? தேர்தல்ல ஜெயிச்சு மேலே ஏறின நாள்லேருந்து வீட்டுக்குக்கூடப் போகாம மேலேயே கிடந்து உழைக்கிறார். அவருக்கு ஏதும்மா நேரம்?"

தையல்காரம்மா ஒவ்வொரு படியாக இறங்கி, தெருவுக்கு வந்து, மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"தலைவரே! வேலை போச்சு, கம்பெனிக்குக் கடிதம் வேணும்! பதினேழு படி நான் ஏறிட்டேன். மீதி முப்பத்தேழை நீங்க இறங்கி வாங்க!"

ஜன்னல் திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

கால் மணி நேரம் கழித்து, கயிற்றில் ஒரு கூடை இறங்கி வந்தது. உள்ளே உறுப்பினர் அட்டை, பெயருக்கு மட்டும் இடம் விட்டுக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம். அடியில் ஒரு துண்டுச் சீட்டு:

'அம்மா, பதினேழே பெரிய விஷயம். இதே கூடையில் மூட்டுவலித் தைலம் ஒரு புட்டி வைத்து அனுப்பவும். செயலாளருக்குத் தெரிய வேண்டாம். நான் ஏறி இன்றோடு பதினோரு நாள், இறங்க முடியவில்லை.'