நானூறு மில்லிமீற்றர்

"இயற்கைக் காட்சிக்கு இது காணும் ரீச்சர். இதுக்கு மேலை போறது வீண் பாரம்."

ஜஸ்ரின் எழுபது - இருநூறு லென்ஸைக் கண்ணாடி மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினான்.

றஜனி அதைத் தொடவில்லை.

"காட்சி எடுத்தது போதும் தம்பி. இனிக் களவைத்தான் எடுக்கப்போறன்."

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போகும் தெருவில், மாடியில் இருந்தது அந்தக் கமெராக் கடை. றஜனி வடமராட்சி கிழக்கில் புவியியல் படிப்பிக்கிறவள். ஆறு வருசமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய எழும்பிப் போய், தன் ஊர்க் கடற்கரையின் மணல் மேடுகளை ஒரே இடத்தில் நின்று படமெடுத்து வருகிறாள். அவற்றைப் பெரிதாக அச்சடித்துக் கொடுப்பவன் ஜஸ்ரின்.

முதல் வருசப் படத்தில் கடல் இல்லை. மேடு மறைத்திருந்தது.

இந்த வருசப் படத்தில் நீலமாக ஒரு கோடு.

"கடல் வடிவா விழுந்திருக்கு ரீச்சர்," என்று ஜஸ்ரின் வாய்தவறிச் சொன்ன அன்று, "அது விழக்கூடாத கடல்!" என்று அவள் சீறிவிட்டுப் படிகளில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகுதான், களவாக மணல் அள்ளுகிற டிப்பர்களைப் பற்றி அவனுக்குத் தெரியவந்தது. மேடு டிப்பர் டிப்பராகப் போய்விட்டது. அவள் வீட்டுக் கிணறு உப்பேறிச் சவராகி, அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர்கூடப் போட முடியவில்லை.

கிட்டப் போனால் வாகனத்தை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவார்கள். முந்நூறு மீற்றர் தள்ளி, சவுக்கு மரங்களுக்குள் மறைந்து நின்றுதான் எடுக்கவேண்டும்.

ஜஸ்ரின் லென்ஸைக் கமெராவில் பூட்டிக்கொண்டு அவளை விறாந்தைக்குக் கூட்டிவந்தான். தெருவின் மறுகோடியில், ஏறக்குறைய அதே தூரத்தில், பருத்தித்துறை பஸ் நின்றது. ஒரு படம் எடுத்துத் திரையில் பெருப்பித்தான்.

"நம்பர் துப்புரவா விழுந்திருக்கு, பாருங்கோ. உவங்களைப் பிடிக்க இது காணாதோ?"

"காணாது."

"இதைவிட நீளமெண்டால் நூறு - நானூறுதான். அது இருட்டு லென்ஸ் ரீச்சர். விடியக்காலமை வெளிச்சத்துக்குக் கஷ்டம். முக்காலி காவவேணும். கொஞ்சம் வெயில் ஏறினாலும் மணலிலை கானல் எழும்பி எல்லாம் நெளியும்."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. விலை கூடியதைத் தலையில் கட்டிவிடுகிற ஆளுமில்லை அவன். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கத்துவதற்காவது அவன் ஒரு பிழை விட்டிருக்கலாம்.

"அந்தப் பஸ் படியிலை நிக்கிற ஆளைப் பெருப்பியும்."

பெருப்பித்தான். நீலச் சட்டை. அதற்கு மேல், முகம் இருக்கவேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு மண்ணிறத் திட்டு.

"ஆர் ஆள்?"

"ஆருக்குத் தெரியும்?"

"அதைத்தான் சொல்லுறன். எனக்கு முகம் வேணும்."

"நம்பர் கிடைச்சால் முகம் என்னத்துக்கு ரீச்சர்? ஆரின்ரை வாகனம் எண்டு பொலிசிலை ஒரு நிமிசத்திலை பாத்துச் சொல்லுவினம்."

"சொன்னவை!"

கடைக்குள் கடவுச்சீட்டுப் படத்துக்காகக் காத்திருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தணிக்கவில்லை.

"போன மாசம் நம்பர் விழுந்த படத்தோடைதான் பொலிசுக்குப் போனனான். பாத்துச் சொன்னவை. என்ரை பேரைச் சொன்னவை."

ஜஸ்ரின் கமெராவைக் கீழே இறக்கினான்.

நாலு வருசத்துக்கு முன், லீசிங்கில் டிப்பர் எடுக்க அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஒருவரின் பேர் வேண்டும் என்று அவளுடைய அண்ணை வந்து கேட்டார். வீடு கட்டுகிற ஆட்களுக்குக் கல்லும் சீமெந்தும் ஏற்றப்போவதாகச் சொன்னார். றஜனி கடதாசிகளை வாசிக்காமலே ஒப்பம் வைத்தாள். டிப்பர் அவள் பேரில் பதிவானது.

ஓடுவது அண்ணைதான் என்று பொலிசில் சொன்னாள். அவர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் அந்த வாகனத்தைத் தொட்டதே இல்லை, தங்கச்சி ஆருக்குக் கொடுத்து ஓடுவிக்கிறாளோ தெரியாது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். அவள் கொடுத்த முறைப்பாட்டில் குற்றவாளி அவளே ஆனாள்.

அவள் இதைச் சொல்லி முடித்ததும் ஜஸ்ரின் உள்ளே போய் நூறு - நானூறைக் கொண்டுவந்து பூட்டினான். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி எடுத்தான்.

நீலச் சட்டைக்காரருக்குத் தடித்த மீசை. நெற்றியில் விபூதி. வாய் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"இதையே தாரும்," என்றாள் றஜனி.

அவன் லென்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான். மூடியை மூடாமல் தயங்கினான்.

"ரீச்சர், லென்ஸ் எட்டும். ஆனால் ஆள் சாரதி சீற்றிலை இருந்தால் கண்ணாடி மினுங்கி ஒண்டும் தெரியாது. இறங்கவேணும். இறங்கி எங்கடை பக்கம் பாக்கவும் வேணும்."

"இறங்குவார். நான் சவுக்குக்குள்ளை நிண்டு போன் எடுப்பன்."

"உங்கடை போனுக்கு மறுமொழி சொல்லுவாரோ, இப்பவும்?"

றஜனி பெட்டியின் மூடியைத் தானே அழுத்தி மூடினாள்.

"ஒருநாளும் எடுக்காமல் விட்டதில்லை. எஞ்சின் சத்தத்திலை என்ரை குரல் கேக்காதெண்டு இறங்கி, கடல் இரைச்சலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டுதான் கதைப்பார். இப்பவும், சாப்பிட்டியோ எண்டுதான் முதல் கேப்பார்."