முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு

“வேணாம் தம்பி, விட்ருங்க. அசந்து தூங்குறாரு” என்று அமிர்தவல்லி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

சுரேந்திரன் அவளை விலக்கிவிட்டு அவள் கணவர் நாகலிங்கத்தைப் படகின் தளத்தில் மல்லாக்கக் கிடத்தினான். லாங் ஐலண்ட் ஜெட்டியை விட்டுக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. காய்ச்சல்காரர், ரங்கத் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று சொல்லி இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து ஏற்றியிருந்தார்கள். பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மனைவியின் தோளில் சாய்ந்திருந்தவர், ஒரு பெரிய அலைக்குப் படகு ஆடியதும் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார்.

சுரேந்திரன் அந்தப் படகில் வேலை பார்ப்பவன். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு இல்லை.

சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து, நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது. கடல் தண்ணீர் தெறித்து நனைந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அழுத்த ஆரம்பித்தான்.

ஏக், தோ, தீன், சார்... போன வருஷம் மரைன் ஹில்லில் படகு ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. இந்தியில்தான் எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. அது மட்டும் நினைவில் இருந்தது. எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், கையை எந்த இடத்தில் வைப்பது? எதுவும் நினைவில் இல்லை.

எப்படி இருக்கும்? கடைசி வரிசையில் நின்று போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முறை வந்தபோது ரப்பர் பொம்மையின் வாயில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் அவனுக்கும் சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

மேலே சுக்கானைப் பிடித்திருந்த சாரங் எட்டிப் பார்த்து, “ஜிந்தா ஹை க்யா?” என்று கத்தினார். உயிர் போய்விட்டதென்றால் லாங் ஐலண்டுக்கே திருப்ப வேண்டும், போலீஸ் காகிதம் இல்லாமல் பிணத்தை ஏற்றிப் போக முடியாது என்று இந்தியிலேயே சொன்னார்.

“ஐயோ, திருப்பாதீங்க!” அமிர்தவல்லி அலறினாள். “புயல்னு நாளையிலேருந்து போட் கிடையாதாம். அங்க ஜெட்டில எங்க மக நிக்கிறா. மக பாக்கணும்!”

பிறகு சுரேந்திரன் பக்கம் திரும்பினாள். “அழுத்துங்க தம்பி. நிறுத்திடாதீங்க.”

“ஹை, ஹை! சலோ!” உயிர் இருக்கிறது, போகலாம் என்று சுரேந்திரன் மேலே பார்த்துக் கத்தினான்.

படகு திரும்பவில்லை.

அழுத்தினான். குனிந்து வாயில் வாய் வைத்து ஊதினான். மறுபடி அழுத்தினான். கைக்கடியில் ஏதோ நறுக்கென்று முறிந்தது. அமிர்தவல்லி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கண்களை இறுக மூடினாள்.

“அம்மா, எலும்பு...” அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“பரவாயில்ல தம்பி. நீங்க பாருங்க.”

அரை மணி நேரம் ஆனது. தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போல் வலித்தது. வேர்வையோடு கண்ணீரும் சேர்ந்து அந்த நெஞ்சின் மேலேயே சொட்டியது. அந்த முகத்தில் ஒரு அசைவு இல்லை. இனி வரப்போவதும் இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது கையை எடுக்க மனம் வரவில்லை. “நாடி லேசா இருக்கும்மா” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மறுபடி எண்ணினான். ஏக், தோ, தீன்...

ரங்கத்துக்கு இறங்க வேண்டிய எராட்டா ஜெட்டியில் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் வந்தவர் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டார்.

மகள் கார்த்திகா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். போர்வையை விலக்கி, அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, “அப்பா, நான் வந்துட்டேன்ப்பா” என்று கதறினாள். அமிர்தவல்லி கொஞ்ச நேரம் மகளின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

சுரேந்திரன் ஜெட்டியின் ஓரத்தில் கயிறு கட்டும் இரும்புக் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். விரல்கள் மடங்கவில்லை. இனிமேல் அந்தப் படகில் கால் வைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டான். அமிர்தவல்லி மெல்ல நடந்து அவனருகே வந்ததும், எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

“நான்தாம்மா கொன்னுட்டேன். சொல்லிக் கொடுத்தாங்க, நான் கவனிக்கல. பொம்மையை வெச்சு விளையாடிட்டு இருந்தேன். ஒழுங்கா படிச்ச எவனாவது இன்னைக்கு டியூட்டில இருந்திருந்தா அவரு பிழைச்சிருப்பாரு. எலும்பை வேற ஒடிச்சுட்டேன். சாகிற வரைக்கும் இது என்னை விடாதும்மா...”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

“நிஜம்தாம்மா. என் கையாலதான் போச்சு.”

அமிர்தவல்லி படகின் மேல்தளத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சாரங்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மடங்காத அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

“போட்டுல ஏத்தும்போதே உயிர் இல்ல தம்பி.”