நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் இன்சாஃப்

ஆசிரியரின் பெயர் கட்டுரைக்குள் இருக்கிறது, ஏற்க இயலாது என்று கணினித் திரை மூன்றாவது தடவையாகச் சிவப்பு எழுத்தில் சொன்னது.

மணி ஒன்றரை. சட்ட ஆய்விதழ் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடும்.

அதற்குள் கட்டுரை கிடைத்ததென்று ரசீது வந்தால்தான், ஞாயிற்றுக்கிழமை இணைப் பேராசிரியர் பதவிக்கான கோப்பில் அதை வைக்க முடியும். தவறினால் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இன்சாஃப் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மதிப்பிடுகிறவர்களுக்கு எழுதியது யாரென்று தெரியக் கூடாது என்பது விதி. அவளும் காலையிலிருந்து தன்னைத்தானே களையெடுத்துக்கொண்டிருக்கிறாள். முதல் பக்கத்தில் பெயரை எடுத்தாள். அடிக்குறிப்பில் 'என் முந்தைய கட்டுரை' என்றிருந்ததை 'ஒரு முந்தைய கட்டுரை' ஆக்கினாள். நன்றியுரையை மொத்தமாகத் தூக்கினாள். பத்து வருஷத்தில் புருஷனுக்கு எழுத்தில் சொன்ன ஒரே நன்றியும் அதோடு போயிற்று.

இன்னும் எங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது இந்தப் பெயர்?

மேஜைக்கு எதிரே அவள் அப்பா அபு நாயிஃப், வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தவர், சுட்ட பச்சைக் கொண்டைக்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். இர்பித் நகரக் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் பட்டனும் ஜிப்பும் விற்று அவளைச் சட்டம் படிக்க வைத்தவர். வாயை மூடி உட்காரத் தெரியாதவர்.

"பேரைப் பார்த்தாலே வெரட்டுறாங்கன்னா, அப்படி என்னம்மா எழுதிவெச்சிருக்கே அதுல?"

"அப்பா, ஒரு அரைமணி நேரம் சும்மா இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் ஆய்விதழ் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ருதைனா என்ற உதவியாளர் எடுத்தாள். விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு.

"டாக்டர், உங்க பேர் நூத்திப் பன்னிரண்டு இடத்துல இருக்கு!"

இன்சாஃபுக்குச் சட்டென்று உறைத்தது. காலையிலிருந்து அவள் தேடியதெல்லாம் குடும்பப் பெயரோடு சேர்ந்த முழுப் பெயரை. இயந்திரமோ அவள் பெயரை மட்டும் தேடுகிறது.

அரபியில் இன்சாஃப் என்றால் நியாயம். அவள் எழுதியிருப்பதோ, கடையை விட்டு வாடகைக்காரர்களை வெளியேற்றும் வழக்குகளில் நியாயம் எங்கே போகிறது என்பதைப் பற்றி. அப்பாவின் அத்தை பெயர் என்று வைத்தது, இப்படி வந்து காலை வாரும் என்று யார் கண்டது?

"அந்த வார்த்தைக்குப் பதிலா எல்லா இடத்துலயும் நீதின்னு போட்டுடுங்களேன்" என்றாள் ருதைனா.

"நீதி வேற, இன்சாஃப் வேறன்னு சொல்லத்தானே நாற்பது பக்கம் எழுதியிருக்கேன்!"

"நான் என்ன பண்ணட்டும் டாக்டர்? மெஷின் சொல்றது. இன்சாஃப் இருந்தா உள்ளே எடுக்காது."

போனை வைத்தபோது மணி ஒன்று நாற்பத்தைந்து. நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அப்பா கடலையை விட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"இதுக்குப் போய்க் கண்ணு கலங்குறியே. இன்சாஃப் வேணும்னு எவன் போனாலும் இழுக்கத்தான்மா இழுப்பாங்க. என்னைக் கோர்ட்டுல பதினோரு வருஷம் இழுக்கலையா?"

இழுப்பாங்க.

இன்சாஃப் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அரபியில் எழுத்துகள் கைகோத்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு கோட்டைப் போட்டுச் சொல்லை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். படிக்கிற கண்ணுக்கு அதே சொல்தான். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிற இயந்திரத்துக்கு வேறு சொல்.

நூற்றுப் பன்னிரண்டு இன்சாஃபையும் ஒரே தட்டில் ஒரு கோடு அளவுக்கு இழுத்துவிட்டாள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்திலேயே, கொஞ்சம் சோம்பல் முறித்துக்கொண்டு கிடந்தன.

ஒன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினாள். அப்பா உரித்த கடலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பச்சை எழுத்தில் ரசீது வந்தது. அவள் துள்ளியெழுந்து அதை உரக்கப் படித்தாள்.

"தங்கள் கட்டுரை வரிவரியாகச் சோதிக்கப்பட்டது. இன்சாஃப் எங்கும் இல்லை. அனைத்தும் விதிகளின்படி உள்ளது."

படித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார் என்று பார்த்தால், அவர் புன்னகையோடு கடலையை அவள் தட்டில் வைத்தார்.

"வண்டி தள்ளுறதுக்கு முன்னாடி நான் வெச்சிருந்த கடையைக் காலி பண்ணச் சொன்ன அன்னிக்கு எனக்கும் இதேதான் எழுதிக் கொடுத்தாங்க. எல்லாம் விதிப்படி சரியா இருக்கு, இன்சாஃப் பார்க்கிறது இந்தக் கோர்ட்டு வேலை இல்லைன்னு."

"அத்தை பேருன்னு சொன்னீங்க?"

"எனக்கு ஏதும்மா அத்தை? தீர்ப்பை வாங்கிட்டு வீட்டுக்கு வர்றேன், நீ பொறந்திருக்கே. சரி, நம்ம வீட்லயாவது இருக்கட்டும்னு வெச்சேன்."