கொடுவா கிடைக்கும் இடம்

"துண்ட மட்டும் அவுத்தன்னு வையி, இந்த எடத்துலயே எறக்கி வுட்ருவேன், பாத்துக்க" என்றான் இசக்கிதுரை.

பைக்கின் பின்னால், ஹெல்மெட்டுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மணிகண்டபிரபு பின்கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வண்டலூரில் கட்டிய துண்டு. பார்க்கிறவர்கள் ஆள்கடத்தல் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் கண்ணைக் கட்டியாவது கூட்டிப் போ என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியதே அவன்தான். எல்லாம் எழிலரசிக்காக.

எழிலரசி ஒரகடம் கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் வேலை பார்க்கிறவள். பெண் கேட்டுப் பென்னலூருக்குப் போனபோது, அவள் அப்பா இராமச்சந்திரன் முதலில் கேட்டதே சொந்த ஊரைத்தான். நிலத்தைக் கம்பெனிக்கு விற்று, அந்தப் பணத்தில் என்னென்னவோ தொழில் பார்க்கிற மனிதர். தூத்துக்குடி மாவட்டம் என்று இவன் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் கடல்காரப் பிள்ளை, தூண்டில் போட்டுக் கொடுவா மீன் பிடிப்பான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

பாவம், இவன் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். கண்மாயில் கெண்டைகூடப் பிடித்ததில்லை. ஆனால் எதிரில் எழிலரசி காபித் தட்டோடு நின்றாள். தலை தானாக ஆடிவிட்டது.

"அப்டின்னா உன் கையால ஒண்ணு புடிச்சாந்து காட்டு. ஒரு மொழத்துக்குக் கொறையக் கூடாது. சின்னது மாட்டுனா தண்ணியிலயே வுட்டுடணும், அதான் மொற. அப்பால கல்யாணம் பேசலாம்" என்றார் இராமச்சந்திரன்.

நல்லவேளை, வல்லம் வடகாலில் ஒரே ரூமில் இருந்த இசக்கிதுரை வாராவாரம் கொடுவாவோடு வருகிறவன். இடத்தை மட்டும் பெற்ற தாய்க்கும் சொல்லமாட்டான். தெரிந்தால் ரூமே தூண்டிலோடு கிளம்பிவிடும் என்பான். அதனால்தான் இந்தத் துண்டு.

உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது இசக்கிதுரை கட்டை அவிழ்த்துவிட்டான். சுற்றிலும் மண்கரை, நடுவே அமைதியான தண்ணீர். அலையையே காணோமே என்று மணிகண்டபிரபு கேட்டதற்கு, இது கழி, கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்குகிற இடம், இதில் ஏது அலை என்று இசக்கிதுரை அதட்டினான். திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்றைக்கு மட்டும் கடலைப் பார்த்தவன், அதையும் நம்பிவிட்டான்.

முதலில் சாண் நீளத்தில் ஒன்று மாட்டியது. "வுட்ருலே, வளரட்டும்" என்றான் இசக்கிதுரை. அடுத்து இழுத்தது பாருங்கள், ஒன்றரை முழம். பயலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பென்னலூரில் எழிலரசியின் அம்மா கோவிந்தம்மா அதைக் குழம்பு வைத்தார். இராமச்சந்திரன் முள்ளைக்கூட விடாமல் சப்பினார்.

"வளப்பு மீனுக்கு இந்த ருசி ஜென்மத்துக்கும் வராது. எனக்குத் தெரியாததா? இது கடல்ல அலஞ்ச மீனு. அடுத்த வாரம் என்னையும் அந்த எடத்துக்கு இட்டுகினு போ மாப்ள. வந்த கையோட தட்டு மாத்திக்கலாம்."

மாப்ள என்ற சொல் காதில் விழுந்ததே போதும், இவன் மிதந்தான். இசக்கிதுரையைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிட்டது. ஞாயிறு காலையில் மட்டும்தான் கொடுவா கடிக்கும், யாராக இருந்தாலும் கண்ணைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றான். இராமச்சந்திரனோ இன்னும் குஷியாகிவிட்டார். இடத்தைக் காப்பாற்றுகிறவன்தான் உண்மையான மீன்காரனாம்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மா இட்லி போடாமல் அனுப்பமாட்டேன் என்றுவிட்டார். தட்டில் இட்லி விழ விழ இசக்கிதுரை கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தான். மாதா கோயில் பூசை முடிந்துவிடும் என்று முணுமுணுத்தான். பூசைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று மணிகண்டபிரபுவுக்கு விளங்கவில்லை.

ஒருவழியாகக் கிளம்பி, இராமச்சந்திரனின் காரை இசக்கிதுரை ஓட்டினான். பின்சீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு துண்டைக் கட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு எந்த மண்டபம் பிடிப்பது என்பதுவரை பேச்சு போய்விட்டது.

இறங்கியதும் இருவர் கையையும் பிடித்து, கரைமேல் நடத்திப்போனான் இசக்கிதுரை. மணிகண்டபிரபு நாலடிக்கு ஒருதரம் தடுக்கினான். மாமனார் தடுக்கவே இல்லை. வயலில் நடந்த கால் ஆயிற்றே என்று வியந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து, எவன்டா அங்க என்று தூரத்தில் ஒரு குரல். சட்டென்று இசக்கிதுரையின் கை நழுவியது. தலைதெறிக்க ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மணிகண்டபிரபு அவசரமாகத் துண்டை அவிழ்த்தான். கழுத்தில் ஜெபமாலை ஆட, தடியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்த வாட்ச்மேன், பக்கத்தில் நின்ற பெரியவரைப் பார்த்ததும் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சல்யூட் அடித்தார்.

"மொதலாளி, நம்ம மீன் பண்ணைக்கு வர்றதுக்கு இன்னாத்துக்குக் கண்ணக் கட்டிகினு வர்றீங்க?"